கணனிக்குள் கணனி: பழி ஓரிடம், பழுது ஓரிடம்

(எமது சங்க மண்டபத்தில் பங்குனி மாதம் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஊரில் உயர்தரம் கணிதப் பிரிவோடு என்னுடைய படிப்பு நின்றுவிட்டது. இஞ்சை ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. மெசின் நின்றால் என்ன பழுதென்று தேடுகிற ஆக்களில் நானும் ஒருவன். கணனிப் பொறியியலாளர் எத்தனையோ பேர் இந்தச் சபையில் இருக்க என்னைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். காரணம், எங்கட வீட்டில் நடந்த ஒரு சண்டை. அந்தச் சண்டை கணனியால் வந்தது. பழுதைத் தேடித்தான் தீர்ந்தது. அதைச் சொன்னால் நாலு வீட்டுக்குப் பிரயோசனப்படும் என்று செயலாளர் அண்ணை சொன்னார்.

முதலில் விசயத்தை விளங்கப்படுத்துகிறேன்.

ரொறன்ரோவுக்கு முதலில் வந்த எங்கட ஆக்கள் வெலஸ்லி, சென் ஜேம்ஸ் ரவுன் பக்கத்து மாடி வீடுகளில் ஒரு வீட்டை ஆறு பேர், எட்டுப் பேராகப் பகிர்ந்து இருந்தவர்கள். பிறகு ஸ்காபரோவில் வீடு வாங்கினால் பேஸ்மென்றில் ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். ஒரே கூரை, ஒரே கீற்றர், ஆனால் வாசல் வேறு, குசினி வேறு. கணனியிலும் இப்படிச் செய்யலாம். ஒரு பலமான கணனிக்குள்ளே இரண்டு மூன்று கணனிகள் தனித்தனியாக இருக்கிற மாதிரி அதன் நினைவகத்தையும் மூளையையும் பங்குபோட்டுக் கொடுப்பது. இதற்கு மெய்நிகர் கணனி என்று பெயர். புதுக் கண்டுபிடிப்பு அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே தனது பெரிய கணனிகளுக்கு இப்படி ஒன்றை வெளியிட்டது. லினக்ஸில் 2007இல் கே.வி.எம். என்ற பகுதி சேர்ந்த பிறகு, எங்களைப் போன்றவர்களும் காசில்லாமல் செய்யக்கூடியதாக வந்தது. அதை இலகுவாக்கித் தருகிற புறொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருள் ஒஸ்ரியாவின் வியன்னா நகரில் செய்யப்படுகிறது. அதையும் சும்மா இறக்கிப் பாவிக்கலாம்.

எங்கட வீட்டில் மேலே அக்கா குடும்பம், கீழே நாங்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பிள்ளைகள் நாலு பேர். ஆளுக்கொரு கேம் கணனி வாங்குவதென்றால் யாரால் முடியும்? அக்காவும் நானும் பாதிப் பாதி போட்டு நல்ல ஒரு கணனி வாங்கினோம். அக்காவின் மகன் அதற்குள் இரண்டு கணனிகளை உருவாக்கினான். ஒன்று அக்காவின் கணக்கியல் படிப்புக்கு, மற்றது கேமுக்கு. கிறபிக்ஸ் காட்டை முழுதாகக் கேம் கணனிக்கே கொடுத்துவிட்டான். கீழே எங்கட பிள்ளைகள் ஒரு பழைய மடிக்கணனியில் இருந்து அந்தக் கேமை விளையாடுவார்கள்.

அது எப்படி என்று அம்மாமார் கேட்பீர்கள். மேலே இருக்கிற கணனி படத்தை வரைகிறது. வரைந்ததை ஒளிப்படமாகச் சுருக்கி வலையமைப்பில் அனுப்புகிறது. கீழே இருக்கிற மடிக்கணனி அதை விரித்துக் காட்டுகிறது. பிள்ளை ஒரு பொத்தானை அமத்தினால் அந்தச் செய்தி மேலே போகிறது. படம் காட்டுகிற வேலைதான் மடிக்கணனிக்கு. கேம் ஓடுவது மேலே. அனுப்புகிற மென்பொருளுக்குப் பெயர் சன்சைன், வாங்குகிறதுக்குப் பெயர் மூன்லைற். சூரியனும் சந்திரனும். மூன்லைற் 2013இல் அமெரிக்காவில் கேஸ் வெஸ்ரேண் றிசேவ் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தொடங்கியது. கிறபிக்ஸ் காட் செய்கிற என்விடியா நிறுவனம் அதற்குரிய தனது அனுப்பும் வசதியை 2023இல் நிறுத்தியபோது, சன்சைன்தான் பலருக்குக் கைகொடுத்தது. இரண்டுமே இலவசம்.

செக்கனுக்கு 60 படம் அனுப்பவேண்டும். அப்படியென்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன்தான் நேரம். சினிமாப் படம் பார்க்கும்போது கொஞ்சம் சுணங்கினால் முன்கூட்டியே எடுத்துவைத்ததைக் காட்டிச் சமாளிக்கலாம். கேமில் அது நடக்காது. பிள்ளை பொத்தானை அமத்திய பிறகுதான் அடுத்த படமே பிறக்கிறது. ஆனபடியால் வலையமைப்பில் சின்ன ஓட்டை இருந்தாலும் கேமில் முதலில் தெரியும்.

இனிச் சண்டைக்கு வருகிறேன்.

போன மாரியில் படம் உடைந்து உடைந்து வரத்தொடங்கியது. எங்கட பிள்ளையள் கீழே கத்துவார்கள். அதே நேரம் மேலே அக்காவின் இணைய வகுப்பு நின்று நின்று போகும். "கீழ் வீட்டுப் பிள்ளையள் இன்ரநெற் எல்லாத்தையும் உறிஞ்சிப்போட்டுதுகள்" என்று அக்கா சொன்னா. "உங்கட பெடியன்தான் மேலயிருந்து ஏதோ செய்யிறான்" என்று என்ரை மனிசி சொன்னா. இரண்டு கிழமை மேல்வீடும் கீழ்வீடும் முகம் பார்க்கவில்லை. கடைசியில் அத்தான், "நீங்கள் வேறை வீடு பாருங்கோவன்" என்று ஒரு வார்த்தை விட்டார். இந்த ஊர் வீட்டு வாடகை உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையின் பாரமும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு இன்ரநெற் விற்பனைத் தம்பி. "அண்ணை, உங்கட வேகம் காணாது. 1.5 கிகா எடுங்கோ, எல்லாம் சரியாகும்" என்றார். மாதக்கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இங்கேதான் சபையோர் ஒரு விசயத்தைக் கவனிக்கவேண்டும். வீட்டுக்குள் ஒரு கணனியில் இருந்து இன்னொரு கணனிக்குப் போகிற படம், வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ரொறன்ரோவில் 151 புறொன்ற் வீதியில் ஒரு கட்டடம் இருக்கிறது. கனடாவின் இணைய நிறுவனங்கள் பல தங்கள் வயர்களை ஒன்றோடொன்று கொழுவுகிற இடம். யாழ்ப்பாணத்தோடு வீடியோவில் கதைத்தால் அந்தச் செய்தி இப்படியான இடங்களைக் கடந்துதான் போகும். ஆனால் மேல்வீட்டில் இருந்து பேஸ்மென்றுக்குப் போகிற கேமுக்கு அங்கே அலுவல் இல்லை. 2022 யூலை 8ஆம் திகதி கனடாவின் பெரிய வலையமைப்பொன்று முழுநாளும் விழுந்ததும், கடைகளில் டெபிட் காட் வேலை செய்யாமல் போனதும் ஞாபகம் இருக்கும். அப்படியான நாளிலும் வீட்டுக்குள் இருக்கிற கணனிகள் தங்களுக்குள் கதைக்கும். பிறகு 1.5 கிகா எடுத்து என்ன பிரயோசனம்? கனடா ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம் 2016இல் ஒரு வீட்டுக்குத் தேவை என்று வைத்த இலக்கே இறக்க 50, ஏற்ற 10 மெகாபிற். எங்கட வீட்டில் அதைவிடக் கூட இருந்தது.

அதற்காக அக்கா சொன்னது முழுப்பொய்யும் இல்லை. வை-பை என்பது காற்று. ஒரு வாய்க்காலில் ஒரு நேரத்தில் ஒரு தோட்டத்துக்குத்தான் தண்ணி மாற்றலாம். ஒருவர் கதைக்கும்போது அதே அலைவரிசையில் மற்றவர் பொறுத்திருக்கவேண்டும். கேம் இன்ரநெற்றைத் தின்னாது. ஆனால் வீட்டின் காற்றைத் தின்னும். இந்த வித்தியாசம் விளங்காததால்தான் பழி ஓரிடத்திலும் பழுது ஓரிடத்திலுமாகப் போனது.

தொழிற்சாலையில் எங்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்ற முன்னமும் பின்னமும் அளந்து எழுது. ஐந்தை ஒன்றாய் மாற்றினால் மெசின் ஓடும், ஆனால் ஏன் ஓடுகிறது என்று தெரியாது. நாளைக்குத் திரும்ப நிற்கும். ஒரு சனிக்கிழமை மருமகனையும் என்ரை மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு கொப்பியும் எடுத்துக்கொண்டு இருந்தேன்.

மூன்லைற் ஓடும்போது கொன்ற்றோல், ஓல்ற், சிப்ற் மூன்றையும் பிடித்துக்கொண்டு எஸ் எழுத்தை அமத்தினால் மூலையில் இலக்கங்கள் வரும். இதுதான் வைத்தியரின் நாடி பார்க்கிற இடம். நாலு இலக்கத்தைப் பாருங்கோ.

ஒன்று, வலையமைப்பில் தொலைந்த படங்கள் எத்தனை வீதம். இது கூடினால் பழுது வழியில். இரண்டு, விரித்துக் காட்ட எடுக்கிற நேரம். இது கூடினால் பழுது மடிக்கணனியில். படத்தின் அளவைக் குறைக்கவேண்டும், அல்லது பழைய மடிக்கணனிக்கு ஏற்ற எச்.264 முறைக்கு மாற்றவேண்டும். மூன்று, அனுப்புகிற கணனி ஒரு படத்துக்கு எடுக்கிற நேரம். நாலு, செக்கனுக்கு எத்தனை படம் வந்து சேருகிறது. தொலைவு இல்லாமல், 60க்குப் பதிலாக 40 வந்தால் மேலே இருக்கிற கணனியே திணறுகிறது என்று அர்த்தம்.

எங்கட வீட்டில் தொலைந்த படங்கள் 12 வீதம். அடுத்ததாக மடிக்கணனியை மேலே தூக்கிக்கொண்டு போய் வயரால் நேரே ரவுற்றரில் கொழுவினோம். தொலைவு பூச்சியம். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிசம்தான். சன்சைன், மூன்லைற் இரண்டிலும் குற்றமில்லை, மடிக்கணனியும் நல்லது, குற்றம் மேலுக்கும் கீழுக்கும் இடையில் என்று தெரிந்துவிட்டது.

இடையில் என்ன இருந்தது? பேஸ்மென்றில் வை-பை குறைவென்று முன்னம் வாங்கி வைத்த ஒரு பெட்டி. அது மேல் ரவுற்றரிடம் காற்றில் வாங்கி, அதே அலைவரிசையில் திருப்பிக் காற்றிலேயே கொடுக்கிறது. ஒவ்வொரு பொதியும் இரண்டு தரம் காற்றில் போகிறது, வேகம் பாதி. போதாததற்கு அந்தப் பெட்டி தானும் ஒரு ரவுற்றர் என்று நினைத்துக்கொண்டு தனக்கென வேறு இலக்கத் தொகுதி வைத்திருந்தது. மேல்வீடு 192.168.0 வரிசை, கீழ்வீடு 192.168.1 வரிசை. ஒரே வீட்டுக்கு இரண்டு தபால்காரர். அதனால்தான் மூன்லைற்றில் மேல்கணனி தானாகத் தெரிவதில்லை. இலக்கத்தைக் கையால் அடித்தால்தான் பிடிக்கும், அந்த இலக்கம் மாறினால் காணாமல் போகும். இரண்டு குடும்பம் இருக்கிற வீடுகளில் இந்தப் பழுது கனக்க இருக்கிறது. ஒருக்கா வீட்டுக்குப் போய்ப் பாருங்கோ.

வழி எளிது. கீழ்ப் பெட்டியை ரவுற்றர் வேலையில் இருந்து நிறுத்தி, வெறும் வை-பை கொடுக்கிற பெட்டியாக மாற்றவேண்டும். அதன் அமைப்புப் பக்கத்திலேயே அதற்கொரு தெரிவு இருக்கும். கேம் கணனிக்கு மேல் ரவுற்றரில் மாறாத இலக்கம் ஒன்று ஒதுக்கவேண்டும். விருந்தினர் வை-பை என்று ஒன்று இருந்தால் அதில் விளையாட வேண்டாம். அது ஒரு கருவியை மற்றதோடு கதைக்க விடாது.

காற்றுக்குப் பதில் வயர் வேண்டும். சுவரை உடைக்கத் தேவையில்லை. இந்த ஊர்ப் பழைய வீடுகளில் கேபிள் ரீவிக்குப் போட்ட வட்ட வயர் அறைக்கறை இருக்கும். அதன் இரண்டு முனையிலும் மோக்கா என்கிற பெட்டி பூட்டினால் அது வலையமைப்பு வயராக வேலை செய்யும். வீட்டுக்குள் வயர் வருகிற இடத்தில் ஒரு சின்ன வடிகட்டி பூட்டவேண்டும், எங்கட செய்தி பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இருக்க. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒருதரம் வாங்கினால் மாதக்கட்டணம் இல்லை. பூட்டிய பிறகு ஐபேர்வ்-3 என்ற இலவச மென்பொருளால் கணனிக்குக் கணனி வேகத்தை அளந்தோம். இப்படி அளக்க இன்ரநெற் தேவையில்லை.

மாடி வீட்டில் இருக்கிறவர்களுக்கு: 2.4 கிகாஹேர்ட்ஸ் வை-பையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசை மூன்றுதான்: 1, 6, 11. ஒரு மாடியில் இருபது வீடு இருந்தால் யோசித்துப் பாருங்கோ. மைக்குறோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் சத்தம் போடும். கேமுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் பாவியுங்கோ. அது கொங்கிறீற் சுவரை எளிதில் தாண்டாது என்பது குறைதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் சத்தமும் எளிதில் தாண்டாது. வயர் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1000 மெகாபிற் வரவேண்டிய வயர் சரியாக 100 காட்டினால், உள்ளே ஒரு சோடிக் கம்பி அறுந்திருக்கும். கட்டிலின் காலுக்குக் கீழே பாருங்கோ.

இத்தோடு முடிந்ததென்று நினைத்தோம். தொலைவு பூச்சியம். ஆனால் இரவு 8 மணிக்குப் படம் திரும்பவும் இழுபட்டது. முந்தியென்றால் "பார்த்தியோ, வயரும் சரியில்லை" என்று சொல்லியிருப்பார்கள். கொப்பி இருந்தபடியால் அப்படிச் சொல்ல இடமிருக்கவில்லை. வழியில் தொலைவு இல்லை. வந்து சேருகிற படம்தான் குறைவு. ஆக, பழுது மேல் கணனியில். பார்த்தால், இரண்டு மெய்நிகர் கணனிகளையும் நகல் எடுத்துவைக்கிற வேலை ஒவ்வொரு நாளும் 8 மணிக்கு ஓடுகிறது. அதே தட்டில்தான் கேமும் இருக்கிறது. நகல் எடுப்பதை விடிய 3 மணிக்கு மாற்றினோம். அக்காவின் வகுப்பும் 8 மணிக்குத்தான்! அவவின் கணக்கியல் கணனி திணறியதற்கும் அதுதான் காரணம். கீழ்ப்பிள்ளைகளும் குற்றமில்லை, மேல்பிள்ளையும் குற்றமில்லை.

இப்படிக் கணனிக்குள் கணனி வைத்திருக்கிற தம்பிமாருக்கு இன்னும் சில விசயம் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

மெய்நிகர் கணனியின் வலையமைப்பை பாலம் முறையில் வையுங்கோ. இல்லாவிட்டால் அது தாய்க்கணனிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், மூன்லைற் காணாது. அதன் வலையமைப்புக் காட்டை வேர்ட்-ஐ-ஓ வகைக்கு மாற்றினால் வேலைப்பழு குறையும். கிறபிக்ஸ் காட்டில் திரை கொழுவாவிட்டால் கறுப்புத் திரைதான் வரும்; போலித் திரைச் செருகி ஒன்று சில டொலருக்கு விற்கிறது, அதைச் செருகுங்கோ. விண்டோஸின் தொலைத்திரை வசதியால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும் கறுப்பாய்ப் போகும். விண்டோஸ் உங்கட வலையமைப்பைப் பொது இடம் என்று நினைத்திருந்தால் தடுப்புச்சுவர் மறிக்கும். தனியார் என்று மாற்றுங்கோ. மூளையின் கோர்கள் எல்லாவற்றையும் கேமுக்குக் கொடுக்காமல் தாய்க்கணனிக்கு இரண்டு விடுங்கோ. கேமை 60 படத்தோடு கட்டுப்படுத்துங்கோ. கிறபிக்ஸ் காட் நூறு வீதம் ஓடினால் படத்தைச் சுருக்கி அனுப்ப அதற்குப் பலம் இராது. என்விடியா காட்டில் 43 என்ற பிழை வந்தால், அது மெய்நிகர் கணனியைக் கண்டு முரண்டு பிடித்த பழைய காலத்து மென்பொருளாக இருக்கக்கூடும். 2021இல் அந்த நிறுவனமே அதை அனுமதித்துவிட்டது. புதியதைப் போடுங்கோ.

திருத்த முடியாத பழுதும் உண்டு. வலரன்ற் போன்ற சில கேம்கள், களவாட்டத்தைத் தடுப்பதற்காக மெய்நிகர் கணனியில் ஓட மறுக்கும். ஏமாற்றி ஓட்டப் பார்த்தால் கணக்கையே பூட்டிவிடக்கூடும். காசு போட்டு வாங்க முன்னம் விசாரியுங்கோ. பெற்றோரும் "பெடியனுக்கு இது தெரியாது" என்று பேச வேண்டாம்.

அடுத்தது பாதுகாப்பு. வோட்டர்லூவில் படிக்கிற பிள்ளை வீட்டுக் கணனியைப் பாவிக்க விரும்பினால், ரவுற்றரில் வாசலைத் திறந்துவிட்டு உலகத்துக்கே காட்டவேண்டாம். எங்கட ரொறன்ரோவில் 2019இல் தொடங்கிய ரெயில்ஸ்கேல் என்ற நிறுவனத்தின் மென்பொருள் மாதிரி ஒன்றைப் போட்டால், பூட்டிய ஒரு தனிப்பாதையால் பிள்ளை மட்டும் வந்து போகலாம்.

பெரியோர்களே, "உது விளையாட்டுத்தானே, இதுக்கு இவ்வளவு கதையோ" என்று நீங்கள் நினைக்கலாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதபோது சைக்கிளைக் கவிட்டு வைத்து, மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். எங்கட அப்பா அப்படித்தான் செய்தி கேட்டவர், நான் பக்கத்தில் இருந்து மிதித்திருக்கிறேன். அதை யாரும் எங்களுக்குப் படிப்பித்தவர்கள் இல்லை. தேவை வந்தது, கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்தோம். இன்று எங்கட பிள்ளைகள் பேஸ்மென்றில் இருந்து செய்வதும் அந்த வேலைதான். அதோடு, கே.வி.எம். என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. பெரிய நிறுவனங்களின் தரவுக் கூடங்களில் ஓடுவதும் அதுதான். பதினாறு வயதில் கேமுக்காக அதைப் பிரித்துப் பூட்டுகிற பிள்ளை, இருபத்திரண்டு வயதில் அதே வேலைக்குச் சம்பளம் கேட்டுப் போகலாம். என்னைப் போல இரவு வேலைக்குப் போகத் தேவையில்லை.

2019இல் ஸ்ரேடியா என்று கூகுள் நிறுவனம் கேமைத் தன்னுடைய கணனியில் ஓட்டி வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2023 ஜனவரியில் மூடிவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனம் விட்டுப்போனாலும், வீட்டில் பிள்ளை தானே கட்டியது வீட்டில் இருக்கும். அது கற்றுத்தந்த பொறுமை பிள்ளையிடம் இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் ஏதும் பழுதுபட்டால், ஆளைக் குற்றம் சொல்ல முன்னம் இலக்கத்தைப் பாருங்கோ. விற்பனைக்காரருக்குக் கையெழுத்து வைக்க முன்னம் ஒரு வயரைக் கொழுவிப் பாருங்கோ. இரண்டு பெட்டி விலையிலும் ஒரு சனிக்கிழமையிலும் முடிந்த காரியத்துக்காக, எங்கட வீட்டில் ஒரு குடும்பம் பிரியப் பார்த்தது. இப்போது அக்கா கணக்கியலில் இரண்டாம் தவணை முடித்துவிட்டா. அத்தான் தானும் கீழே வந்து பிள்ளைகளோடு கார் ஓட்டுகிறார், கேமில்.

மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் சங்க மண்டபத்தில் நானும் இன்னும் மூன்று இளைஞர்களும் இருப்போம். மடிக்கணனியையும், வீட்டில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கீறிய ஒரு தாளையும் கொண்டு வாருங்கோ. காசு வேண்டாம். தேத்தண்ணி நாங்கள் தருவோம்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.